தண்ணீர் அழுத்தத்தில் உருவாகும் எஃகுச் சட்டங்கள்: கார் உடலின் எடை எங்கே குறைகிறது?

தடாவில் வீடு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிரஸ் ஷாப் வேலை என்று சொல்லும் தம்பி ஒருவர் மூன்று சந்தேகங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். ஹைட்ரோஃபார்மிங் முறையில் தண்ணீரை வைத்தே எஃகுக் குழாயைக் கார் சட்டமாக மாற்றுகிறார்கள் என்கிறார்களே, வெறும் தண்ணீருக்கு எஃகு எப்படி இடம் கொடுக்கும். அப்படிச் செய்தால் வண்டியின் எடை குறைவது எதனால். எங்கள் பக்கத்துப் பட்டறைகள் இந்த வேலையில் இறங்க வழி உண்டா என்பவை அவருடைய கேள்விகள். குழாய் வளைப்பதிலும் இந்த வகை டை, அதாவது வடிவம் கொடுக்கும் அச்சு, செய்வதிலும் பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்தால்தான் மற்ற இரண்டும் விளங்கும்.

எஃகு எந்த வகையானாலும் அதன் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றுதான். அதைவிட முக்கியமானது, அதன் யங் குணகமும், அதாவது வளையாமல் எதிர்த்து நிற்கும் இயல்பின் அளவும், ஏறக்குறைய ஒன்றுதான். சாதாரண மிருதுவான எஃகுக்கும் அதைப்போல மூன்று மடங்கு வலிமையுள்ள எஃகுக்கும் அது சுமார் 205 முதல் 210 கிகாபாஸ்கல் வரைதான் இருக்கும். ஆகவே உயர்வலிமை எஃகை வாங்கித் தகட்டின் கனத்தைக் குறைத்தால் மோதலில் அது தாங்கும்; ஆனால் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது உடல் முறுக்கிக்கொள்வதைத் தடுக்கும் விறைப்பு, கனம் குறைந்த அளவுக்குக் குறைந்துவிடும். அந்த விறைப்பை எடை கூடாமல் திரும்பப் பெறுவதற்கு வடிவத்தை மாற்றுவதைத் தவிர எஃகில் வேறு வழி கிடையாது. ஹைட்ரோஃபார்மிங் என்ற முறைக்குக் கார் உடலில் இடம் கிடைத்தது இந்த ஒரு காரணத்தால்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 80 மி.மீ. சதுரத்தில், 2 மி.மீ. கனத்தில் ஒரு பெட்டிச் சட்டம் இருப்பதாகக் கொள்ளுங்கள். நாலு பக்கமும் மூடிய குழாயாக அது இருந்தால், முறுக்கை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் அதன் முறுக்கு மாறிலி சுமார் 9,50,000 என்று வரும், அலகு மி.மீ.-ன் நான்காம் அடுக்கு. அதே சட்டத்தின் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டுத் திறந்துவிட்டால் அது 830 சொச்சத்துக்கு இறங்கிவிடும். எடை ஒரு கிராம்கூட மாறவில்லை, முறுக்கைத் தாங்கும் திறன் மட்டும் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது. பிரஸ்ஸில் அடித்த இரண்டு தொப்பி வடிவத் தகடுகளை முகத்துக்கு முகம் வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்யும்போது கிடைப்பது இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையிலுள்ள ஒரு நிலை. வெல்டுகள் 40 அல்லது 50 மி.மீ. இடைவெளியில் இருப்பதால், நடுவில் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று சிறிது நழுவவும் பிரியவும் செய்யும். முழுக் குழாயின் விறைப்பு அதில் முழுதாக வராது.

அடுத்தது ஃபிளேஞ்ச். ஸ்பாட் வெல்டிங் கன் பிடிப்பதற்காக இரண்டு ஓரத்திலும் 16 மி.மீ. அகலத்தில் மடிப்பு விட வேண்டும், அது இரண்டு தகட்டிலும் உண்டு, ஆகவே நாலு அடுக்கு. நான் சொன்ன சட்டத்தில் குழாய்ப் பகுதி மட்டும் மீட்டருக்கு 4.9 கிலோ, ஃபிளேஞ்ச் மட்டும் மீட்டருக்கு 1 கிலோ. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள சட்டம் வண்டியின் இரு பக்கமும் இருந்தால் மூன்று கிலோ எஃகு வெல்டு பிடிப்பதற்கு இடம் கொடுப்பதை மட்டுமே தன் வேலையாகக் கொண்டு வண்டியின் ஆயுள் முழுவதும் பயணம் செய்கிறது. அந்த ஃபிளேஞ்சுக்கு ஒதுக்கிய அகலத்தைச் சட்டத்துக்கே கொடுத்தால் குறுக்குவெட்டு பெரிதாகும். குறுக்குவெட்டு பெரிதானால் கனத்தை இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். எடை குறைவது இப்படி ஒன்றைத் தொட்டு ஒன்றாகத்தான்.

குழாய் என்றால் கடையில் கிடைக்கும் சதுரக் குழாயையே வளைத்துப் போடலாமே என்று தோன்றும். லாரி பாடி கட்டுபவர்கள் அதைத்தான் செய்கிறார்கள், அங்கே அது சரியும்கூட. காரில் இடம் நெருக்கம். ஒரே சட்டம் என்ஜின் அருகே ஒடுங்கி உயரமாகவும், சக்கரத்துக்கு மேலே வளைந்தும், கேபின் அருகே அகன்று தட்டையாகவும் இருக்க வேண்டும்; நடுவில் பிராக்கெட் உட்காரச் சமதளம் வேண்டும், துளைகள் வேண்டும். இத்தனையும் ஒரே குழாயில், ஒட்டு இல்லாமல் வர வேண்டுமானால் குழாயின் உள்ளே நுழைந்து வெளிப்பக்கமாகத் தள்ளும் ஒரு பஞ்ச் வேண்டும். வளைந்த குழாய்க்குள் இரும்புப் பஞ்ச் நுழையாது, தண்ணீர் நுழையும்.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். குழாயைத் தேவையான நீளத்துக்கு வெட்டி, சி.என்.சி. பெண்டிங் மெஷினில் குழாய் நசுங்காமல் தாங்கும் மாண்ட்ரலை உள்ளே விட்டு வளைப்பார்கள். பிறகு டைக்குள் உட்காரும் அளவுக்குச் சில இடங்களில் லேசாக நசுக்கி முன்வடிவம் கொடுப்பார்கள். மேல் டையும் கீழ் டையும் மூடிக்கொண்டதும், குழாயின் இரண்டு வாயிலும் கூம்பு முனையுள்ள சீலிங் பஞ்சுகள் வந்து அழுத்தும். அவற்றின் நடுவிலுள்ள துளை வழியாகத் தண்ணீர் புகுந்து காற்றை வெளியேற்றும். காற்று முழுவதும் போன பிறகே, எண்ணெயின் அழுத்தத்தைப் பெருக்கித் தண்ணீருக்குக் கொடுக்கும் இன்டென்சிஃபையர் வேலை செய்யத் தொடங்கும். எண்ணெய்ப் பக்கத்துப் பிஸ்டனின் பரப்பு தண்ணீர்ப் பக்கத்தைப் போலப் பத்து மடங்கு என்றால், 200 பார் எண்ணெய் அழுத்தம் தண்ணீரில் 2,000 பாராக வரும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பாருக்குச் சற்று மேல் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் அளவு பிடிபடும்.

எஃகு ஏன் இடம் கொடுக்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு, அது உங்கள் பட்டறைக்கும் பயன்படும். 60 மி.மீ. வெளிவிட்டமும் 2 மி.மீ. கனமும் உள்ள ஒரு குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எஃகு 350 மெகாபாஸ்கல் தகைவில் நிரந்தரமாக நீளத் தொடங்குகிறது என்று வைத்தால், வெளியில் டையே இல்லாமல் குழாயின் வயிறு உப்பத் தேவைப்படும் அழுத்தம் 23 மெகாபாஸ்கல், அதாவது சுமார் 230 பார் மட்டுமே. தகைவின் இரு மடங்கைக் கனத்தால் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் இந்த எண் வந்துவிடும். உப்ப வைப்பது இவ்வளவு எளிது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். செலவெல்லாம் அதற்குப் பிறகு, மூலையை நிரப்புவதில் இருக்கிறது. உப்பிய குழாய் டையின் நாலு சுவரையும் தொட்டபின், மூலைகளில் மட்டும் ஒரு வளைவு மிஞ்சி நிற்கும். அந்த வளைவின் உள் ஆரம் 8 மி.மீ. ஆகும்வரை தள்ள வேண்டுமானால், அதற்குள் எஃகும் வேலைப்பட்டுக் கெட்டியாகி 500 மெகாபாஸ்கலுக்கு ஏறியிருக்கும். தேவையான அழுத்தம் 500-ஐ 2-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 125 மெகாபாஸ்கல், அதாவது 1,250 பார். வயிறு உப்பத் தேவைப்பட்டதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்.

இந்த அழுத்தம் டையையும் திறக்கப் பார்க்கும். 1,500 மி.மீ. நீளமும் 80 மி.மீ. அகலமும் உள்ள சட்டத்தின் மேல் 125 மெகாபாஸ்கல் என்றால், டையை மூடிப் பிடிக்க மட்டும் சுமார் 1,500 டன் பிரஸ் வேண்டும். இந்தக் கணக்கில் மூலையின் ஆரத்தை 8-லிருந்து 16 ஆக்கினால் அழுத்தம் பாதியாகும், டன்னும் பாதியாகும். ஆகவே ஹைட்ரோஃபார்மிங் பாகத்தின் வரைபடம் கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது மிகச் சிறிய மூலை ஆரம் எங்கே இருக்கிறது என்பதைத்தான். கம்ப்யூட்டரில் 6 மி.மீ. என்று ஒரு எண்ணை விளையாட்டாகப் போட்டுவிடும் வடிவமைப்பாளர், அந்த எண்ணால் எத்தனை டன் பிரஸ்ஸை வாங்கச் சொல்கிறார் என்பதை அறிந்து போட வேண்டும். அந்த மூலை உண்மையில் தேவையா என்று கேட்டால், பத்தில் பல இடங்களில் தேவை இருக்காது.

தண்ணீருக்குப் பதில் காற்றை அடைத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். தண்ணீரை 2,000 பார் வரை அழுத்தினாலும் அதன் கொள்ளளவு 7 அல்லது 8 சதவீதம்தான் குறையும். குழாய் கிழிந்தால் அந்தச் சிறிய அளவு விரிந்ததுமே அழுத்தம் விழுந்துவிடும், மூடிய டைக்குள் ஒரு மந்தமான சத்தத்தோடு விஷயம் முடிந்துவிடும். காற்றை அந்த அளவுக்கு அழுத்தி வைத்தால் அது வெடிகுண்டுக்குச் சமம். தண்ணீரோடு சிறிது காற்று அடைபட்டுப் போனாலும் ஆபத்து என்பதால்தான் காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகே அழுத்தத்தை ஏற்றுகிறோம்.

வெடிப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்வது கிழிந்த குழாய்களைப் பார்த்துத்தான். டையைத் திறந்து கிழிந்த குழாயைக் கையில் எடுத்தால் கிழிசல் எப்போதும் நீளவாக்கில் இருக்கும், குறுக்கே இருக்காது. உள்ளழுத்தம் குழாயின் சுற்றுவாக்கில் ஏற்படுத்தும் இழுப்பு நீளவாக்கில் ஏற்படுத்துவதைப் போல இரு மடங்கு என்பதே காரணம். கிழிசலின் உதடுகளை விரலால் தடவினால் நடுவில் கத்தி விளிம்பு போல மெலிந்திருக்கும், இரு முனைகளை நோக்கிப் போகப் போகப் பழைய கனம் திரும்பும். தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் மின்சாரத்தால் பற்றவைத்த ஈ.ஆர்.டபிள்யூ. குழாயாக இருந்தால் கிழிசல் பெரும்பாலும் வெல்டின் மேலேயே விழாது. வெல்டுக்கு ஒட்டினாற்போல, அதன் பக்கத்தில் விழும். வெல்டு கெட்டியாக இருப்பதால் அது நீள மறுக்கிறது. அந்த நீளல் முழுவதும் பக்கத்திலுள்ள எஃகின் தலையில் விழுகிறது. மாறாகக் கிழிசல் வெல்டின் கோட்டிலேயே நேராக, உதடுகள் மெலியாமல் பிளந்திருந்தால் குற்றம் டையிலோ அழுத்தத்திலோ இல்லை, குழாய் மில்லில் வெல்டு சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் டையைச் செதுக்கிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் செலவு அவர்களுக்கு வேண்டாத செலவு.

குழாய் மெலியாமல் இருக்க, அழுத்தம் ஏறும்போதே இரண்டு முனையிலிருந்தும் சீலிங் பஞ்சுகள் குழாயை உள்ளே தள்ளும். தள்ளிய எஃகு உப்பும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்து கனத்தைக் காப்பாற்றும். அளவுக்கு மேல் தள்ளினால் முனைக்கு அருகே குழாய் வளையம் வளையமாகச் சுருங்கும், குறைவாகத் தள்ளினால் கிழியும்; இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுக்கமான பாதையில் அழுத்தத்தையும் தள்ளலையும் ஒன்றுக்கொன்று இசைவாக ஏற்றிக்கொண்டு போவதே இந்த மெஷினின் கண்ட்ரோலருடைய முழு வேலை. ஆனால் டைச் சுவரின் உராய்வு தள்ளலைத் தின்றுவிடும். முனையிலிருந்து குழாய் விட்டத்தின் சில மடங்கு தூரம் வரைதான் அது எட்டும். டி வடிவ இணைப்பு போன்ற குட்டைப் பாகத்தில் இது மிக நன்றாக உதவும். ஒன்றரை மீட்டர் சட்டத்தின் நடுப்பகுதிக்கோ வளைவைத் தாண்டிய பகுதிக்கோ ஒன்றும் வந்து சேராது. அங்கே எஃகு தன் சொந்த நீளும் திறனை நம்பித்தான் விரிய வேண்டும்.

அந்தத் திறனிலும் பெரும்பங்கை வளைக்கும்போதே செலவழித்துவிடுகிறோம் என்பது பலர் கவனிக்காத விஷயம். 60 மி.மீ. குழாயை 120 மி.மீ. மைய ஆரத்தில் வளைத்தால் வளைவின் வெளிப்பக்கம் 25 சதவீதம் நீண்டுவிடுகிறது. மிருதுவான எஃகிலேயே மீதி கொஞ்சம்தான் இருக்கும். டூயல் ஃபேஸ் போன்ற உயர்வலிமை எஃகில் அதுகூட இருக்காது. பெண்டிங் மெஷினில் பின்னாலிருந்து குழாயைத் தள்ளிக்கொடுக்கும் பூஸ்டர் இருப்பது இதற்காகத்தான். வெல்டுக் கோட்டை வளைவின் வெளிப்பக்கத்திலும் வைக்காமல் உள்பக்கத்திலும் வைக்காமல், நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் பக்கவாட்டில் வைத்து ஏற்ற வேண்டும் என்று ஆபரேட்டருக்குச் சொல்லிக் கொடுப்பதும் இதற்காகத்தான். டைக்குள் கிழிந்த குழாய்களுக்குக் காரணம் தேடிப் போனால், முக்கால்வாசி நேரம் அது பெண்டிங் மெஷினில்தான் போய் முடியும்.

உயர்வலிமை எஃகுக்கு இன்னொரு வழி உண்டு, எனக்கு அதன்மேல் மதிப்பு அதிகம். டை முழுதாக மூடுவதற்கு முன்பே குழாயில் தண்ணீரை நிரப்பி, மிதமான அழுத்தத்தை உள்ளே வைத்துக்கொண்டு டையை மூடுகிறார்கள். உள்ளே தாங்கல் இருப்பதால் சுவர் நொறுங்காமல் டையின் வடிவத்துக்கு மடங்கிக்கொள்கிறது. குழாயின் சுற்றளவும் டையின் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி வடிவமைத்துவிட்டால், எஃகு நீள வேண்டிய தேவையே குறைந்துபோகிறது. வட்டம் சதுரமாகவோ அறுகோணமாகவோ மடங்குகிறது, அவ்வளவுதான். அழுத்தம் 700 பாருக்குள் முடிந்துவிடும், பிரஸ்ஸும் சிறியது போதும், மூலையும் கூர்மையாக வரும். விரிவு வேண்டாத பாகத்துக்கு உயர் அழுத்த முறையைத் தேடிப் போவது வீண் என்பது என் கருத்து.

துளை போடுவதும் அதே டைக்குள் நடக்கும். உள்ளே அழுத்தம் நிற்கும்போது டைச் சுவரிலுள்ள சிறிய பஞ்சுகள் வெளியிலிருந்து குத்தும். உள்ளேயிருக்கும் தண்ணீரே கீழ் டையின் வேலையைச் செய்து சுவர் குழிந்துவிடாமல் தாங்கும். விளிம்பில் சிறிய தாழ்வு ஒன்று தங்கும், பெரும்பாலான பிராக்கெட் துளைகளுக்கு அது பிரச்சினை இல்லை. எல்லாத் துளைகளும் ஒரே பிடியில் விழுவதால் ஒன்றுக்கொன்று உள்ள தூரம் அடிக்கு அடி மாறாது. டையின் எல்லாப் பக்கமும் ஒருசேர அழுத்தி நீட்டப்படுவதால், டையை விட்டதும் எஃகு பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும் ஸ்பிரிங்பேக்கும் குறைவு. பத்துத் துண்டுகளைப் பற்றவைத்து அந்தச் சூட்டில் திருகிக்கொண்ட சட்டத்தை நிமிர்த்திப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்த முறை கார்களுக்கு வந்த வரலாறு நீளமானது அல்ல. 1950-களில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து நிறுவனம் ஒன்று சமையலறைக் குழாயின் வாய்ப்பகுதியைச் செய்வதற்குப் பயன்படுத்திய உத்தி அது. 1990-ல் கிரைஸ்லர் மினிவேனின் டாஷ்போர்டு பீம் இப்படி வந்தது, அதையடுத்து என்ஜினைத் தாங்கும் சட்டமான ஃபோர்டின் என்ஜின் கிராடில். 1997 மாடல் ஷெவர்லே கார்வெட்டில், அதுவரை 14 துண்டுகளைப் பற்றவைத்துச் செய்த பக்கச் சட்டம் ஒரே குழாயில் உருவானது. அதே காலத்தில் 18 நாடுகளைச் சேர்ந்த 35 எஃகு நிறுவனங்கள் சேர்ந்து, போர்ஷே நிறுவனத்தின் பொறியியல் பிரிவைக்கொண்டு அல்ட்ராலைட் ஸ்டீல் ஆட்டோ பாடி என்ற மாதிரி உடலை உருவாக்கின. 1998-ல் வெளியான அந்த உடலின் எடை 203 கிலோ. ஒப்பிட்டுப் பார்த்த கார்களின் சராசரியைவிட அது 25 சதவீதம் குறைவு. முறுக்கு விறைப்போ 80 சதவீதம் அதிகம். அதன் கூரைப் பக்கச் சட்டம் ஹைட்ரோஃபார்மிங் செய்த குழாய், கூரைத் தகடும் அதே முறையில் வந்தது. அந்தப் பெருமை முழுவதையும் இந்த ஒரு முறைக்கே கொடுத்துவிடக் கூடாது. உயர்வலிமை எஃகு, லேசர் வெல்டிங், வெவ்வேறு கனத் தகடுகளை ஒட்டி அடித்த பாகங்கள் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. பின்னாளில் 2013 மாடல் ஃபோர்டு ஃபியூஷனில் முன் பின் கதவுகளுக்கு நடுவிலுள்ள தூணான பி பில்லரும் கூரைப் பக்கச் சட்டமான ரூஃப் ரெயிலும் உயர்வலிமை எஃகுக் குழாயில் இதே முறையில் வந்தன.

தகட்டுக்கும் இம்முறை உண்டு. ஒரு பக்கம் மட்டும் டை, மறுபக்கம் தண்ணீர் என்ற ஏற்பாட்டில் பானட், கதவு போன்ற வெளித் தகடுகளைச் செய்யலாம். 2006 மாடல் போண்டியாக் சோல்ஸ்டிஸ் காரின் பானட் அப்படி வந்ததுதான். டை செலவு பாதியாகும், தகட்டின் முகத்தில் கீறல் விழாது, மேற்பரப்பு சீராக நீண்டு விறைப்பாகும். ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் ஆகும் நேரம் அதிகம் என்பதால் குறைந்த எண்ணிக்கையில் ஓடும் வண்டிகளுக்கே இது கட்டுபடியாகும்.

குழாய்க்கும் நேரம்தான் முக்கியக் குறை. உங்கள் பிரஸ் ஷாப்பில் சில விநாடிக்கு ஒரு அடி விழும். இங்கே நிரப்பி, அழுத்தி, துளைத்து, வடித்து எடுக்க 20 முதல் 40 விநாடிகள் ஆகும். அடுத்த குறை, முடிந்த பாகம் மூடிய குழாய் என்பதால் ஸ்பாட் வெல்டிங் கன்னின் ஒரு முனை உள்ளே போக இடமிருக்காது. எம்.ஐ.ஜி. வெல்டிங், லேசர், ஒரு பக்கத்திலிருந்தே ஏறும் ஸ்க்ரூ என்று மாற வேண்டும், அல்லது கன்னின் முனை நுழையத் தனியே துளை விட வேண்டும். கதவு ரப்பரும் கண்ணாடியும் பிடித்துக்கொள்ள ஃபிளேஞ்ச் வேண்டியிருக்கும் ஏ பில்லரில், அதாவது முன் கண்ணாடியின் பக்கத் தூணில், நாம் மிச்சம் பிடித்த எடையில் ஒரு பகுதியைத் தனி பட்டையாகத் திரும்பக் கொடுக்க நேரும். எல்லாவற்றுக்கும் மேலாக ஹாட் ஸ்டாம்பிங் ஒரு பலமான போட்டி. போரான் கலந்த எஃகுத் தகட்டை 900 டிகிரிக்கு மேல் சூடேற்றி, குளிர்ந்த டையில் அடித்து, அங்கேயே வேகமாக ஆறவைத்தால் 1,500 மெகாபாஸ்கல் வலிமை கிடைக்கிறது. பக்கவாட்டு மோதலைத் தாங்கும் பி பில்லருக்கு இன்று பல நிறுவனங்கள் அதைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. வலிமை முதன்மையாக இருக்கும் இடத்தில் அது வெல்லும். என்ஜின் கிராடில், டாஷ்போர்டு பீம், ரேடியேட்டர் சப்போர்ட், பிக்கப் வண்டியின் ஏணிச் சட்டத்து முன்பகுதி என்று விறைப்பும் அளவுத் துல்லியமும் முதன்மையாக இருக்கும் இடத்தில் ஹைட்ரோஃபார்மிங் குழாயை அது அசைக்க முடியாது.

மூன்றாவது கேள்வி நம் மண்ணைப் பற்றியது என்பதால் அதை அக்கறையோடு சொல்கிறேன். எல்லைக்கு இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட், அந்தப் பக்கம் 2016 முதல் இசுசு பிக்கப் வண்டிகள் உருவாகும் ஸ்ரீசிட்டி, தெற்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் குழாய்த் தொழிலுக்குப் பெயர்பெற்ற டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா இருக்கும் ஆவடி. தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் நல்ல டை ஃபிட்டர்கள் இந்தச் சாலை நெடுகிலும் இருக்கிறார்கள். ஆனால் 1,500 டன் பிரஸ்ஸும் இன்டென்சிஃபையரும் ஒரு சிறு பட்டறையின் கடனில் அடங்காது. ஆர்டர் கைக்கு வராமல் அதை நோக்கிப் போகாதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளில் உங்களுக்கு இடம் உண்டு: மாண்ட்ரல் பெண்டிங், முன்வடிவ டை, முனை வெட்டுதல், பிராக்கெட் பற்றவைத்தல். சிறிய பிரஸ்ஸில் முடிகிற குறைந்த அழுத்தப் பாகங்களிலும் இடம் உண்டு. எக்ஸாஸ்ட் குழாயும் சைக்கிள் சட்டமும் அந்த வகையில் அடங்கும்.

நம் பகுதிக்கே உரிய ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். பழவேற்காடு ஏரியின் உப்புக் காற்று வீசும் இடம் இது. ஷெட்டில் வாய் திறந்து கிடக்கும் குழாயின் உள்ளே ஒரு மழைக்காலத்தில் துரு படிந்துவிடும். துருவுள்ள வாயில் சீலிங் பஞ்ச் பிடிக்காது, ஒவ்வொரு முறையும் சீறிக்கொண்டு ஒழுகும். வெளிப்பக்கத்துத் துரு லூப்ரிகண்டைக் கெடுத்து டையையும் கீறும். வந்த நாளிலேயே எண்ணெய் தடவி வாய்க்கு மூடி போடுங்கள். குழாய்க்குள் போகும் தண்ணீர் உண்மையில் சிறிது எண்ணெய் கலந்த எமல்ஷன், அதற்குப் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள்; மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் புகுந்துவிட்டது ஊரறிந்த விஷயம், உப்புள்ள தண்ணீரில் எமல்ஷன் பிரிந்துபோகும், இன்டென்சிஃபையரின் வால்வுகளும் அரிக்கும். ஆர்.ஓ. தண்ணீர் செலவு அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. முன்னே போட்ட கணக்கின்படி 60 மி.மீ. குழாய் 230 பார் அளவிலேயே உப்பத் தொடங்கும். கெட்டியாகி வெடிக்கும்வரை போனாலும் 700 பார் கைப்பம்பு ஒன்று தாராளமாகப் போதும். 200 மி.மீ. துண்டு வெட்டி, இரு வாயையும் அடைக்கும் தட்டுகளை நாலு போல்ட்டால் இறுக்கி, காற்றை முழுக்க வெளியேற்றி, கனமான இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு மெதுவாக அழுத்தம் ஏற்றுங்கள். பெட்டியை மூடாமல் ஒரு முறைகூடச் செய்யக் கூடாது. எந்த அழுத்தத்தில் உப்பத் தொடங்கியது, எதில் வெடித்தது, கிழிசல் வெல்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி விழுந்தது, கிழிசல் ஓரத்தில் சுற்றளவு எத்தனை சதவீதம் கூடியிருந்தது என்ற நாலு எண்களை ஒவ்வொரு லாட்டுக்கும் பதிவேட்டில் எழுதுங்கள். குழாய் சப்ளையரிடம் பேசவும், பெரிய நிறுவனத்தின் ஆடிட் ஆட்களிடம் காட்டவும் அந்தப் பதிவேடு உங்களுக்கு உதவும். உங்கள் ஷாப்பில் உள்ள மிகப் பெரிய பிரஸ் எத்தனை டன், அதன் பெட் அளவு என்ன, செய்ய நினைக்கும் பாகத்தின் மிகச் சிறிய மூலை ஆரம் எவ்வளவு என்பதை எழுதி அனுப்பினால், அது அங்கே முடியுமா முடியாதா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன், தம்பி.